துப்பாக்கிக்கு ஒரு பீரோ

பிழைப்பின் பொருட்டு வடநாட்டுக்கு வந்து குடியேறிய நம்மவர் இல்லங்களில் துப்பாக்கி இருப்பது அரிது. எனினும் அறவே இல்லை என்று கூறிவிட முடியாது. படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர் வீட்டில் ஒன்று இருக்கலாம். வங்கிக் காவலராக இருப்பவருக்கு அதுவே பிழைப்புக் கருவி. நகருக்கு வெளியே நிலம் வாங்கிப் பயிரிடுவோர் காட்டுப்பன்றிக்கு அஞ்சி ஒன்று வைத்திருப்பர். எங்கள் வீட்டில் இருப்பது தந்தையார் விட்டுச் சென்றது. குறைந்த செலவில் அதற்கு ஒரு காப்பிடம் அமைத்த வரலாற்றைச் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். துப்பாக்கி இல்லாத இல்லத்தாருக்கும் இதில் கொள்ளத்தக்கது சிறிது உண்டு என்பது என் நம்பிக்கை.

தந்தையார் தஞ்சை மாவட்டத்திலிருந்து இளம் வயதில் ஜபல்பூருக்கு வந்தவர். இங்குள்ள பீரங்கி வண்டித் தொழிற்சாலையில் கடைசல் பிரிவில் பணியாற்றினார். 1904ஆம் ஆண்டில் தோன்றிய அத்தொழிற்சாலை, 2021 அக்டோபர் 1 முதல், கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஓர் அரசு நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. நம் திருச்சியிலுள்ள துப்பாக்கித் தொழிற்சாலையும் அதே நிறுவனத்தைச் சேர்ந்ததுதான். ஓய்வு பெற்றபின் தந்தையார் ஊருக்கு வெளியே மூன்று ஏக்கர் நிலம் வாங்கினார். பன்றிகள் கோதுமையை உழுது போட்டபோது உரிமம் பெற்று, பன்னிரண்டு போர் இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்றை வாங்கினார். அவர் அதனால் எவ்வுயிரையும் வீழ்த்தியதில்லை. வானை நோக்கி ஒரு வெடி வெடித்தால் பன்றிகள் ஓடிவிடும். ஆயுத பூசையன்று அதன் கட்டைக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, தம் பழைய அளவுகோல்களுக்கும் உளிகளுக்கும் நடுவே வைத்து வணங்குவார். உழைக்கும் கருவி எதுவாயினும் அவருக்கு ஒன்றுதான்.

2018ஆம் ஆண்டில் அவர் நோயுற்றார். நோயைவிட, பிறர் கையை எதிர்பார்த்து வாழ வேண்டியிருந்ததே அவர் மனத்தை வாட்டியது. உணவு குறைந்தது, பேச்சும் குறைந்தது. ஒரு நாள் அன்னையார் என்னைத் தனியே அழைத்து, “தம்பி, அந்தத் துப்பாக்கி இந்த வீட்டில் இருக்க வேண்டா. அவர் மனம் தேறும் வரையில் வேறெங்காவது இருக்கட்டும்” என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை. தந்தையாரிடமே சென்று சொன்னேன். அவர் நெடுநேரம் கூரையைப் பார்த்திருந்தார். பிறகு, “உன் அம்மா சொன்னாளா? அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்” என்று கூறி, சாவியைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துத் தந்தார். உரிமம் பெற்ற துப்பாக்கி வணிகர்கள் பிறர் துப்பாக்கியைப் பாதுகாப்பில் ஏற்றுக்கொள்ள வழியுண்டு. தந்தையாரின் எழுத்து மூலமான ஒப்புதலோடு அவ்வாறே ஒப்படைத்தோம், இரசீதும் பெற்றோம். மறு ஆண்டு அவர் நோயினால் இயல்பாகவே காலமானார். அன்னையாரின் அந்த ஒரு சொல்லை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். துயரம் மிகுந்த ஒரு நாழிகையில் கைக்கெட்டும் தூரத்தில் எது இருக்கிறது என்பதைப் பொறுத்துச் சில குடும்பங்களின் விதி அமைந்துவிடுகிறது.

அவருக்குப் பின் துப்பாக்கியை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. உரிமம் பெற்றவர் இறந்தால் அவ்வுரிமம் தானாகப் பிள்ளைக்கு வந்துவிடாது. வாரிசு தம் பெயருக்கு உரிமம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும்; உரிமம் கிடைக்கும் வரையில் துப்பாக்கி காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ இருத்தல் வேண்டும். விற்றுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நிலம் இன்னும் எங்களிடம் இருக்கிறது, பன்றிகளும் இருக்கின்றன. அன்றியும் அன்னையார், “அவர் நாள்தோறும் துடைத்து வைத்த பொருள், என் காலம் வரையில் இருக்கட்டுமே” என்றார். அனுப்பச் சொன்னவரே திரும்பக் கேட்டது எனக்கு வியப்பாக இல்லை. அன்று அவர் அஞ்சியது துப்பாக்கியைக் கண்டு அன்று.

என் மனைவி மறுப்புக் கூறவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை விதித்தாள். நாக்பூரிலுள்ள எங்கள் மகள் ஆண்டுதோறும் கோடை விடுமுறைக்கு இரண்டு பிள்ளைகளோடு வருவாள். பெரியவனுக்கு ஒன்பது வயது. அவன் திறந்து பார்க்காத பெட்டி வீட்டில் இல்லை. “பீரோ முதலில் வரட்டும், துப்பாக்கி பிறகு வரட்டும்” என்றாள். சட்டத்தின் கருத்தும் அதுவே. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் துப்பாக்கியைப் பாதுகாப்பாக வைத்திருக்கும் பொறுப்பை உரிமம் பெற்றவர் தலைமேல் வைக்கின்றன. அவர் தவிர வேறொருவர் எடுத்து ஆள்வதற்கு இடமில்லை.

துப்பாக்கிக்கென்றே செய்த கனத்த இரும்புப் பெட்டகங்களின் விலையை விசாரித்தேன். ஓய்வூதியக்காரனுக்கு அது எட்டாத கனி. ஆகவே ஓர் அலுவலகம் கழித்துவிட்ட ஒற்றைக் கதவு இரும்புப் பீரோவைக் கபாடிக் கடையில் 3,200 ரூபாய்க்கு வாங்கினேன். எங்கள் துப்பாக்கியின் நீளம் 47 அங்குலம். ஆறடி உயரப் பீரோவில் அது நிமிர்ந்து நின்ற பின்னும் மேலே ஓர் அறைக்கு இடம் இருந்தது. இரட்டைக் கதவுப் பீரோவை வேண்டுமென்றே தவிர்த்தேன். இரண்டு கதவுகளும் கூடும் நடு இடைவெளியில் ஒரு கடப்பாரை நுனி நுழைந்தால் போதும். மெல்லிய தகடு வளைந்து கொடுத்துவிடும்.

கடையிலேயே ஒரு சோதனை செய்தேன். பக்கத்தில் கிடந்த மற்றொரு பீரோவின் சாவியை எங்கள் பீரோவில் இட்டுத் திருகினேன். அது திறந்துகொண்டது! மலிவான பீரோக்களின் பூட்டு பெரும்பாலும் நம்பிக்கைக்காகவே இருக்கிறது, காவலுக்காக அன்று. ஆகவே பழைய பூட்டைக் கழற்றிவிட்டு, ஏழு நெம்பு கொண்ட நல்ல பூட்டு ஒன்றைப் பொருத்தினோம். பூட்டைச் சுற்றியிருந்த தகடு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லை. பூட்டு எவ்வளவு வலியதாயினும் அதைத் தாங்கும் தகடு கிழிந்தால் பயனில்லை. ஆதலின் உட்புறத்தில் மூன்று மில்லிமீட்டர் இரும்புப் பட்டை ஒன்றை வைத்து இணைத்தோம். கைப்பிடியைத் திருப்பினால் மேலும் கீழும் சென்று சட்டத்தில் நுழையும் கம்பிகள் இந்தப் பீரோவில் முன்னரே இருந்தன. அவை நுழையும் துளைகளுக்கும் பட்டை கொடுத்தோம்.

வேலை செய்த மிஸ்திரி அனுபவசாலி. மெல்லிய தகட்டில் தொடர்ந்து பற்றவைத்தால் சூட்டினால் தகடு நெளிந்து கதவு பொருந்தாமற் போகும் என்று கூறி, விட்டுவிட்டுப் புள்ளி புள்ளியாகவே பற்றவைத்தார். கீல்கள் வெளிப்புறத்தில் இருந்தன. கீலின் ஊசியை அறுத்துவிட்டால் பூட்டு இருந்தும் கதவு கழன்றுவிடும் அல்லவா? அதற்கும் அவர் ஒரு வழி சொன்னார். கீல் பக்கத்து உள்விளிம்பு நெடுக ஓர் இரும்புக் கோணத்தைப் பற்றவைத்தார். கதவு மூடியதும் அக்கோணம் சட்டத்துக்குப் பின்னே போய்ப் பதிந்துகொள்கிறது. கீல் இல்லாவிடினும் கதவு வெளியே வராது.

எல்லாவற்றினும் இன்றியமையாதது பீரோவைச் சுவரோடு பிணைப்பது. திருடனுக்குப் பூட்டை உடைக்க நேரமில்லாவிட்டால் பீரோவையே தூக்கிச் செல்வான். வெறும் தகட்டுப் பீரோவுக்கு இருவர் போதும். எங்கள் உட்சுவர் ஒன்பது அங்குலச் செங்கற்சுவர். அதில் துளையிட்டு, சுவருக்குள் விரிந்து பிடிக்கும் பத்து மில்லிமீட்டர் போல்டுகள் நான்கைப் பீரோவின் உள்ளிருந்தே முடுக்கினோம். போல்டின் தலை மெல்லிய தகட்டைப் பிய்த்துக்கொண்டு வராதிருக்க, உள்ளே குறுக்காக இரும்புப் பட்டைகளை வைத்தோம். இடத்தையும் ஆராய்ந்தே தேர்ந்தோம். வாயிலிலிருந்து பார்த்தால் தெரியாத மூலை. கீல் பக்கம் சுவரை ஒட்டியிருப்பதால் அங்கே கடப்பாரை நுழைய வழியில்லை. குளியலறைச் சுவரும் மழை அடிக்கும் வெளிச்சுவரும் அன்று.

உள்ளே தேக்குப் பலகையில் பிறைவடிவப் பள்ளம் வெட்டித் தாங்கி அமைத்தார் தச்சர். குழலின் வாய் கீழ்நோக்கி இருக்குமாறு நிறுத்துகிறோம். குழலில் இட்ட எண்ணெய் வழிந்து கட்டையில் ஊறி மரத்தைக் கெடுக்காதிருப்பதற்கு இது உதவும். இரட்டைக் குழல் துப்பாக்கியில் ஒரு வசதி உண்டு. குழலின் அடியிலுள்ள முன்கட்டையைக் கழற்றிவிட்டால் குழலும் பின்கட்டையும் தனித்தனியாகப் பிரிந்துவிடும். பிரித்தே வைக்கிறோம். முன்கட்டையைப் பீரோவில் வைப்பதில்லை. அது தோட்டாக்களோடு வேறோர் அறையில், வேறு பூட்டுடைய சிறிய இரும்புப் பெட்டியில் இருக்கிறது. ஆகவே பீரோ ஒன்றைத் திறந்தவனுக்குக் கிடைப்பது துப்பாக்கி அன்று, துப்பாக்கியின் பகுதிகளே. பெட்டி ஒன்றைத் திறந்தவனுக்கும் பயன் இல்லை. இதற்குத் தனிச் செலவும் இல்லை.

இனிக் கள்வனைக் காட்டிலும் விடாமுயற்சியுடைய பகை ஒன்று உண்டு. அது துரு. ஜபல்பூரின் ஆடி ஆவணி மாதங்களை அறிந்தவர்களுக்கு அதை விரிக்க வேண்டுவதில்லை. தந்தையார் துப்பாக்கியைத் தோலுறையில் இட்டு வைத்திருந்தார். தோல் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். நெடுநாள் வைப்புக்கு உறை ஆகாது. உறையை வெளியே எடுத்துச் செல்வதற்கு மட்டும் வைத்துக்கொண்டோம். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளை உள்ளே இட்டு, நிறம் மாறியதும் மாற்றுகிறோம். விரல் பட்ட இடத்தில் வியர்வை உப்பே துருவாக முளைக்கும். ஆதலின் தொட்ட ஒவ்வொரு முறையும் எண்ணெய்த் துணியால் துடைத்தே வைக்க வேண்டும். வண்ணம் பூசிய பீரோவைச் சில நாள் திறந்து உலரவிட்ட பிறகே துப்பாக்கியை உள்ளே வைத்தோம்.

இவ்வளவும் செய்தபின் சாவியை எங்கே வைப்பது? சமையலறை ஆணியில் மாட்டினால் செய்த வேலை அனைத்தும் வீண். பிள்ளைகள் நம் சொல்லைக் கேளாவிட்டாலும் நம் கையைக் கவனிக்கின்றனர். இரண்டு சாவிகளும் ஒரே வளையத்தில் இருப்பதில்லை. பீரோச் சாவி என் இடுப்பில். மாற்றுச் சாவி வங்கிப் பெட்டகத்தில். பேரனிடம் நான் எதையும் மறைக்கவில்லை. ஆயுத பூசையன்று துப்பாக்கியைப் பிரித்தபடியே வைத்து, வெறும் குழலின் வழியே வெளிச்சத்தைப் பார்க்கச் செய்து, “தாத்தா இல்லாதபோது இதைக் கண்டால் தொடாமல் பெரியவர்களை அழைக்க வேண்டும்” என்று சொல்லிக் கொடுத்தேன். மறைத்த பொருளைத்தான் பிள்ளைகள் தேடுவர். கண்டு தெளிந்த பொருளைப் பெரும்பாலும் மறந்துவிடுவர். ஆயினும் அந்த மறதியை நம்பிப் பூட்டைத் தளர்த்துவதில்லை.

பீரோவினால் எதிர்பாராத நன்மை ஒன்றும் விளைந்தது. அண்டை வீட்டுத் திருமணத்தில் மாப்பிள்ளை ஊர்வலத்தின்போது வெடிப்பதற்குத் துப்பாக்கியைத் தருமாறு ஒருவர் கேட்டு வந்தார். நல்ல மனிதர், பல்லாண்டுப் பழக்கம், மறுத்தால் மனம் வருந்துவார். 2019ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தின்படி, உயிருக்குத் தீங்கு நேருமாறு கொண்டாட்டத்தில் சுடுவது இரண்டாண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ பெறத்தக்க குற்றம். அதை எடுத்துச் சொல்ல நான் தயங்கி நிற்கையில், அன்னையார் தம் தஞ்சாவூர் இந்தியில், “பேட்டா, அது அந்தப் பீரோவில் சுவரோடு சேர்த்து ஆணி அடித்துக் கிடக்கிறது, வேண்டுமானால் வீட்டோடு எடுத்துப் போ” என்றார். வந்தவரும் சிரித்துவிட்டார். திருமணத்துக்கு நாங்கள் பட்டுப்புடவையும் பலகாரமும் கொண்டு சென்றோம்.

பீரோவும் பூட்டும் மிஸ்திரி கூலியும் தச்சர் கூலியும் சேர்ந்து 8,000 ரூபாய்க்குள் அடங்கின. இது கோட்டை அன்று என்பதை அறிவேன். போதிய நேரமும் கருவிகளும் உடையவன் எதையும் திறப்பான். நம் பூட்டு தருவதெல்லாம் காலந்தான். கள்வன் அஞ்சி ஓடுவதற்கும், பிள்ளையின் ஆவல் வேறு பக்கம் திரும்புவதற்கும், சினமோ துயரமோ ஒருவர் நெஞ்சிலிருந்து இறங்குவதற்கும் அந்தச் சிறிது காலம் போதுமானதாக அமையலாம்.

அன்பர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்வேன். உங்கள் இல்லத்தில் இத்தகைய பொருள் இருந்தால், உரிமத்தின் எண், புதுப்பிக்கும் நாள், சாவி இருக்குமிடம், உங்களுக்குப் பின் செய்ய வேண்டியது ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். உரிமம் இப்போது ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கத்தக்கது. எழுபது வயது ஆனவரோ, இருபத்தைந்து ஆண்டு துப்பாக்கி வைத்திருந்தவரோ தம் வாழ்நாளிலேயே வாரிசுக்கு மாற்ற விண்ணப்பிக்க விதியில் இடமுண்டு. மொழி தெரியாத ஊரில் கணவனை இழந்து நிற்கும் பெண்ணுக்குக் காவல் நிலையத்துப் படிகள் மிக உயரமானவை. என் மகளுக்குத் துப்பாக்கியில் விருப்பமில்லை. அவள் விருப்பம் அதுவாயின் அதை வணிகரிடம் விற்றுவிடலாம் என்று தமிழிலும் இந்தியிலும் எழுதி வைத்திருக்கிறேன். பீரோ மட்டும் தனக்கு வேண்டும் என்று என் மனைவி சொல்லியிருக்கிறாள். ஊறுகாய் ஜாடிகளைப் பேரனிடமிருந்து காக்க அதைவிட நல்ல இடம் இல்லையாம்.