உடம்பிலே உப்புப் பஞ்சம்

உப்புக்குப் பஞ்சம் ஏற்படக் கூடாத பிரதேசம் ஒன்று உண்டானால், அது எர்ணாவூர்ப் பக்கந்தான். கிழக்கே கடல், வடக்கே எண்ணூர்க் கழி, அதற்கப்பால் ஒரு காலத்தில் உப்பளங்கள் பரந்து கிடந்தன. 1930-ஆம் ஆண்டில் ஒரு பிடி உப்பை அள்ளியதற்காக ராஜாஜியும் தொண்டர்களும் வேதாரண்யத்திலிருந்து சிறை சென்ற நாடல்லவா இது? ஏழையின் கஞ்சிக்கு உப்பு எவ்வளவு அவசியம் என்பதை அன்றே உலகத்துக்கு எடுத்துச் சொல்லியாயிற்று. ஆனால், வீட்டு ஜாடி நிறைய உப்பு இருக்கும்போதே ஒருவருடைய இரத்தத்தில் உப்புப் பஞ்சம் வரக்கூடும் என்பதை, எர்ணாவூரில் வசிக்கும் நம் சித்தியின் மூலமாகத்தான் நாம் அறிந்தோம்.

சித்திக்கு வயது 65. சில மாதங்களாகவே உடம்பு இளைத்து வந்தது. எழுந்து நின்றால் தலை சுற்றும். சோற்றைக் கண்டால் குமட்டும். ஊறுகாயை மட்டும் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். மேனியும் கறுத்தது. கடற்கரை வெயில் என்று எல்லோரும் சமாதானம் செய்துகொண்டார்கள். அண்டை வீட்டு அம்மாள், "வயசானா இப்படித்தான் தம்பி, இளநி வாங்கிக் குடுங்க, சரியாப் பூடும்" என்றாள். இளநீர் வந்தது. தண்ணீரும் செம்பு செம்பாக உள்ளே போயிற்று. ஒரு நாள் மாலை சித்தி நம்மைப் பார்த்து, என்றோ காலமான தன் தமையனின் பெயரைச் சொல்லி அழைத்தாள். அன்றிரவே அவளை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

இரத்தத்தில் ஸோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரையில் இருக்க வேண்டும். சித்திக்கு 114 இருந்தது. உப்பைக் கரைத்துக் கொடுத்தால் தீர்ந்தது என்று வாசகர்களுக்குத் தோன்றலாம். விஷயம் அவ்வளவு சுலபமல்ல. ஸோடியம் குறைவதற்குக் காரணங்கள் பல. காரணத்துக்குத் தக்கபடி சிகிச்சையும் மாறுகிறது. இரத்த அழுத்தத்துக்காகச் சாப்பிடும் சில மாத்திரைகளே உப்பை வெளியேற்றிவிடுவதுண்டு. சிலருக்கு, ஜலத்தை உடம்பில் தேக்கும் ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரந்து, இரத்தத்தை நீர்க்கச் செய்துவிடுகிறது. 1957-ல் அமெரிக்க வைத்தியர்களான ஷ்வார்ட்ஸும் பார்ட்டரும் நுரையீரல் புற்றுநோய் கண்ட இரண்டு நோயாளிகளிடம் இதைக் கண்டு எழுதினார்கள். இத்தகையவர்களுக்குக் குடிநீரைக் குறைப்பதே முதல் சிகிச்சை. தைராய்டு மிகவும் குன்றியவர்களுக்கோ தைராய்டு மாத்திரை வேண்டும்.

சித்தியிடம் வேறு அடையாளங்கள் தென்பட்டன. இரத்த அழுத்தம் தாழ்ந்திருந்தது. பொட்டாசியம் ஏறியிருந்தது. உள்ளங்கை ரேகைகளும் ஈறுகளுங்கூடக் கறுத்திருந்தன. வெயில் ஈறில் படுமா? இளம் டாக்டர் ஒருவர், "அம்மா, உங்களுக்கு முன்பு எப்போதாவது டி.பி. வந்ததுண்டா?" என்று கேட்டார். இருபது வருஷங்களுக்கு முன் வந்து குணமானதுதான். 1855-ல் லண்டன் வைத்தியர் தாமஸ் அடிஸன் இந்த வியாதியை விவரித்தபோதே, அவர் கண்ட நோயாளிகள் பலருக்கு, சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளை க்ஷயரோகந்தான் அழித்திருந்தது. அச்சுரப்பிகள் அழிந்தால் ஆல்டோஸ்டிரோன் இல்லாமல் உப்பு சிறுநீரோடு வெளியேறும். கார்ட்டிஸால் இல்லாமல் ஜலம் உடம்பிலே தேங்கும். பொட்டாசியம் மிகுந்த இளநீர் அந்த நிலையில் அமிர்தமாகாது!

டாக்டர்கள் பரிசோதனைக்கு இரத்தத்தை எடுத்துக்கொண்டு, முடிவுக்குக் காத்திராமல் ஹைட்ரோகார்ட்டிஸோன் ஊசி போட்டு, உப்பு நீரையும் நரம்பில் ஏற்றினார்கள். கார்ட்டிஸால் அநேகமாக இல்லை என்று பிறகு தெரிந்தது. ஆனால் அவர்கள் அவசரப்படவில்லை. குறைந்த ஸோடியத்துக்கு மூளை பழகிப் போயிருக்கும். அதைத் திடீரென்று உயர்த்தினால் மூளை நரம்புகளின் உறை சிதைந்து கைகால் முடங்கிவிடலாம். ஒரு நாளில் 8 மில்லிமோலுக்கு மேல் ஏறாதபடி, சில மணிக்கு ஒரு தரம் இரத்தத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நான்காம் நாள் சித்தி நம்மைச் சொந்தப் பெயரால் கூப்பிட்டு, "காப்பி குடித்தாயா?" என்று விசாரித்தாள்.

கார்ட்டிஸோனைக் கண்டறிந்து பயன்படுத்திய ஆராய்ச்சிக்காக கெண்டால், ரைக்ஸ்டைன், ஹென்ச் என்ற மூவருக்கு 1950-ல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முற்பட்ட காலத்தில் இந்த வியாதி கண்டவர்கள் நெடுநாள் பிழைப்பது அரிது. இன்று சில மாத்திரைகளுடன் சித்தி வீட்டைக் கட்டி ஆண்டு வருகிறாள். அம்மாத்திரைகளை ஆயுள் முழுவதும் ஒரு நாளும் நிறுத்தலாகாது. காய்ச்சல் வந்தால் டாக்டர் சொன்னபடி அளவைக் கூட்ட வேண்டும். வாந்தியெடுத்து மாத்திரை தங்காவிட்டால் உடனே ஊசிக்கு ஓட வேண்டும். இந்த விவரங்கள் எழுதிய அட்டை ஒன்று அவளுடைய சுருக்குப் பையில் எப்போதும் இருக்கிறது.

நம் வீடுகளில் பெரியவர்கள் சோர்ந்து படுத்தாலும், பேச்சுத் தடுமாறினாலும், "வயது" என்ற ஒரே சொல்லால் விஷயத்தை முடித்துவிடுகிறோம். வாசக நேயர்களே, தயவு செய்து ஒரு தரம் அவர்களுடைய இரத்தத்தில் ஸோடியத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரையில், வீட்டு வைத்தியமாக உப்பையோ தண்ணீரையோ கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.