தண்ணி குடிக்கிற வண்டி

மே 4, சனி

ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்துவிட்டு அப்பாவைச் சாவி போடச் சொன்னேன். எஞ்சின் பிடித்ததும் வாய்க்குள் குமிழி கிளம்பியது. நாலைந்து வந்து அடங்கியிருந்தால் உள்ளே சிக்கிய காற்று என்று விட்டிருக்கலாம். இது அடங்கவில்லை. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கக் கொப்புளித்துத் தண்ணீர் வெளியே வழிந்தது. சிலிண்டருக்குள் எரிகிற வாயு தண்ணீர்ப் பாதைக்குள் புகுந்துவிட்டது.

“தண்ணி குடிக்குதுன்னு அன்னைக்கே சொன்னனல்ல” என்றார் அப்பா. சொன்னார்தான். தினமும் காலையில் ஒரு சொம்பு ஊற்றிவிட்டுத்தான் வண்டியை எடுத்திருக்கிறார். கீழே ஒரு சொட்டு ஒழுகல் கிடையாது. அப்படியானால் ஊற்றுகிற தண்ணீர் எங்கே போகிறது என்ற கேள்வி, போன வாரம் கோத்தகிரி மலையில் பாதி வழியில் கொதித்து நின்ற பிறகுதான் வீட்டில் எழுந்தது. அன்று டாஷ்போர்டு முள் சிவப்புக்குப் போகவே இல்லை என்று அவர் இன்னமும் சாதிக்கிறார். போயிருக்காது. சென்சார் தண்ணீரில் முங்கியிருந்தால்தான் சூட்டைச் சொல்லும். தண்ணீர் வற்றிய எஞ்சினில் முள்ளை நம்பக் கூடாது.

பிளக்குகளைக் கழற்றினேன். ஒன்றாவதில் வழக்கமான பழுப்பு. மூன்றாவது கரித் தடமே இல்லாமல் வெளுத்துக் கிடந்தது. நீராவி வந்து போகிற சிலிண்டரில் பிளக் அப்படித்தான் இருக்கும். சந்தோஷப்படக் கூடாத சுத்தம். கம்ப்ரஷன் கேஜ் வைத்ததில் ஒன்றாவது 165 பவுண்டு காட்டியது. இரண்டும் மூன்றும் நூறைத் தொடவில்லை. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் சேர்ந்தாற்போல விழுந்தால் ரிங்கையும் வால்வையும் சந்தேகப்படுவதற்கு முன்னால் நடுவில் இருக்கிற ஹெட் கேஸ்கெட்டைத்தான் பிடிக்க வேண்டும்.

வண்டியைக் காட்டிய பட்டறையில் “எஞ்சினே போச்சுங்க, வேற போட்டுக்கலாம்” என்றார்கள். கேஜ் எடுத்துப் பார்க்காமல் சொன்ன தீர்ப்பு அது. வண்டி 1997 மாருதி 800, கார்புரேட்டர் மாடல். 796 சிசி, மூன்றே சிலிண்டர். ஹெட்டை ஒரு ஆள் கையால் தூக்கிவிடலாம். வீட்டிலேயே இறக்குவதாக முடிவு.

மே 5, ஞாயிறு

விடியற்காலையிலேயே ஆரம்பித்ததற்குக் காரணம் வெயில் மட்டுமல்ல. ஹெட் போல்ட்டை எஞ்சின் முழுக்க ஆறின பிறகுதான் தொட வேண்டும். சூட்டோடு தளர்த்தினால் அலுமினிய ஹெட் வளைந்துவிடும்.

எதிர்வீட்டு மாமா அரசு பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையைத் தொட மாட்டேன், நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பேன் என்பது ஒப்பந்தம். பேட்டரி வயரைக் கழற்றி, தண்ணீரையும் ஆயிலையும் இறக்கினேன். ஆயில் ஊற்றுகிற மூடியைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் பில்டர் காபி ஆடை மாதிரி வெளிறிய பழுப்புக் குழம்பு. தண்ணீர் ஆயிலோடு கலந்ததன் அடையாளம். இந்த ஆயிலோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் பேரிங் தேயும், அப்போது பட்டறைக்காரர் சொன்னது பலித்துவிடும்.

கார்புரேட்டர், மேனிஃபோல்டு, ஓஸ்கள், டெல்கோ என்கிற டிஸ்ட்ரிபியூட்டர். டெல்கோ உட்கார்ந்திருக்கும் கோணத்துக்கு ஆணியால் கீறிக் குறி வைத்தேன். டைமிங் பெல்ட்டை எடுப்பதற்கு முன் கிராங்கையும் கேமையும் குறிக்குக் குறி நிறுத்தியாயிற்று. கழற்றுகிற போல்ட்டுகளை ஒரு அட்டையில் ஹெட்டின் படம் வரைந்து அந்தந்த இடத்திலேயே குத்திவைத்தேன். மாமாவுக்கு இது பிடித்துப் போனது. “டிப்போவுல எல்லாத்தையும் ஒரே டப்பாவுல போட்டுட்டு, கடைசியா மிஞ்சறத எண்ணிப் பாப்போம்” என்றார்.

ஹெட் போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக. இறுக்கும்போது இதற்கு நேரெதிர். எல்லாம் வந்த பிறகும் ஹெட் அசையவில்லை. இந்த இடத்தில்தான் பலரும் ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்புவார்கள். அலுமினியத்தில் ஒரு கீறல் விழுந்தால் புது கேஸ்கெட்டும் அங்கே ஒழுகும். மரச் சுத்தியால் பக்கவாட்டில் தட்டினேன். மாமா ஒப்பந்தத்தை மறந்து எழுந்து வந்து மறுபக்கம் பிடித்தார். பிசின் விட்டதுபோல் ஒரு சத்தம், கையோடு வந்துவிட்டது.

கேஸ்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். சிலிண்டரைச் சுற்றி இருக்கும் எஃகு வளையங்களில், இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் அகலமே உள்ள பகுதி கருகி, வளையம் பிளந்திருந்தது. அங்கிருந்து மூன்றாவதை ஒட்டிய தண்ணீர் ஓட்டை வரைக்கும் ஒரு கறுப்புத் தாரை. நேற்று குமிழி வந்த பாதை இதுதான். விரல் நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது.

மே 6, திங்கள்

இரவு, தூக்கம் வராமல் ஒரு கணக்கு. பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். சூடேறும்போது அலுமினியம் இரும்பைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும்: ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 23 பங்கு, இரும்புக்கு 11 பங்கு. ஹெட்டின் நீளம் 300 மி.மீ. என்று வைத்து, காலையில் ஸ்டார்ட் செய்ததிலிருந்து 80 டிகிரி ஏறுகிறது என்றால், அலுமினியம் 0.55 மி.மீ. நீளும், இரும்பு 0.26. ஆக ஒவ்வொரு முறை வண்டி சூடாகி ஆறும்போதும் மேலும் கீழும் இருக்கிற இரண்டு உலோகங்கள் கேஸ்கெட்டை நடுவில் வைத்துக் கால் மில்லிமீட்டருக்கு மேல் தேய்க்கின்றன. மேலே நெருப்பு, பக்கத்தில் தண்ணீர், இன்னொரு ஓட்டையில் ஆயில். இத்தனையையும் பிரித்துவைப்பது ஒரு தகடு. அது தானாகப் போவது குறைவு என்பது என் கட்சி. எங்கேயோ அளவுக்கு மீறிச் சூடானதால்தான் போகும். அந்தச் சூட்டின் காரணத்தைப் பிடிக்காமல் கேஸ்கெட்டை மட்டும் மாற்றினால் அடுத்த மலை வரைக்கும்தான் ஓடும்.

மே 8, புதன்

ஹெட்டைத் துடைத்து, நேர்கோல் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தேன். மேனுவல் அனுமதிக்கிற வளைவு 0.05 மி.மீ. அந்தத் தகடு மட்டுமல்ல, 0.10 தகடும் நடுவில் தாராளமாக நுழைந்தது. பழைய துணியில் சுற்றி ஸ்கூட்டர் முன்னால் வைத்துக்கொண்டு கணபதிப் பக்கம் ஒரு லேத்துக்குப் போனேன். கோயமுத்தூரில் இருப்பதில் இந்த ஒரு வசதி: பம்பு செட்டுக்காகவும் மில்லுக்காகவும் வளர்ந்த பட்டறைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன, நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் என்று சொன்னால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

லேத்காரர் ஹெட்டைப் புரட்டிப் பார்த்து, “இறக்குனது யாருங் அம்மிணி?” என்றார். நான்தான் என்றேன். “நெம்பாம இறக்கியிருக்கீங்” என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். எனக்கு அன்று முழுவதும் அது போதுமானதாக இருந்தது. எரியறைகளைக் கவிழ்த்து மண்ணெண்ணெய் ஊற்றி, வால்வு வழியாகக் கசிகிறதா என்று பார்த்தார். மூன்றாவதன் எக்ஸாஸ்ட் வால்வு கசிந்தது. பேஸ்ட் போட்டுத் தேய்த்து உட்காரவைப்பதாகச் சொன்னார். ஃபேஸிங் பண்ணும்போது வளைவு போகிற அளவுக்கு மட்டும் எடுக்கச் சொன்னேன். அதிகம் சீவினால் எரியறை சிறுத்து, கம்ப்ரஷன் ஏறி எஞ்சின் தட்ட ஆரம்பிக்கும்.

மே 9, வியாழன்

சூட்டின் காரணம் கிடைத்தது. ரேடியேட்டர் பட்டறையில் மேல் தொட்டியின் ஈயப் பற்றைச் சூடுகாட்டிக் கழற்றித் திறந்ததும், பித்தளைக் குழாய்களின் வாய் பாதிக்கு மேல் வெள்ளைக் காரை பிடித்து மூடியிருந்தது. போரில் வருகிற உப்புத் தண்ணி. அப்பா ஊற்றிய சொம்பு எல்லாம் கொல்லைக் குழாயில் பிடித்தது. சிறுவாணித் தண்ணி குடிக்கத்தானே என்பது அவர் வாதம். உப்புத் தண்ணியில் இருக்கிற சுண்ணாம்பு கொதிக்கக் கொதிக்க இறங்கிக் குழாயில் படிந்துவிடும். சமவெளியில் காற்று அடிக்கிற வேகத்தில் எஞ்சின் சமாளித்துவிட்டது. மலையில் இரண்டாவது கியரில் ஊர்ந்தபோது காற்றும் இல்லை, குழாயும் இல்லை.

கோத்தகிரி உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 94 டிகிரிக்கே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தம் கொடுத்து அந்தக் கொதிநிலையை ஏற்றுவதால்தான் வண்டிகள் மலையேறுகின்றன. எங்கள் மூடியின் ரப்பர் வெடித்திருந்தது. அதையும் மாற்றச் சொன்னேன்.

ராடு விட்டு எல்லாக் குழாயையும் குடைந்து தரப் பட்டறையில் ஒத்துக்கொண்டார்கள். கூடவே ஒரு விஷயம்: எஞ்சினில் தெர்மோஸ்டாட்டே இல்லை. முந்தைய உரிமையாளர் காலத்தில் யாரோ கழற்றி எறிந்திருக்கிறார்கள். நம்ம ஊர் வெயிலுக்கு அது எதற்கு என்பது பல மெக்கானிக்குகளின் வேதம். எனக்கு இதில் கோபம் உண்டு. தெர்மோஸ்டாட் குளிர் நாட்டுக்கான அலங்காரம் இல்லை. எஞ்சின் சீக்கிரம் சூடாகி அந்தச் சூட்டிலேயே நிற்பதற்கானது. அது இல்லாவிட்டால் சாதாரண ஓட்டத்தில் எஞ்சின் குளிர்ந்தே கிடந்து பெட்ரோலை அதிகம் குடிக்கும், ஆயிலில் ஈரம் சேரும். புதிது ஒன்று வாங்கினேன். கூலன்ட்டும் வாங்கினேன். இங்கே எதுவும் உறையப் போவதில்லைதான். ஆனால் அலுமினியத்தை அரிக்காமல் காக்கிற மருந்து அதில்தான் இருக்கிறது. கலக்குவதற்கு டிஸ்டில்டு வாட்டர். அப்பா அந்த கேனின் விலையைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார்.

மே 11, சனி

பிளாக்கின் மேல்முகத்தைச் சுத்தம் பண்ணினேன். பகல் முழுக்க வேறொன்றும் நடக்கவில்லை. திருப்பூர் பனியன் வேஸ்ட் ஒரு மூட்டை, பிளாஸ்டிக் சுரண்டி, தின்னர். உப்புத்தாள் போடவில்லை, அதன் மணல் ஆயில் வழிக்குள் இறங்கினால் பேரிங் தின்னும். போல்ட் ஓட்டைகளில் தேங்கிய தண்ணீரை ஊதி எடுத்தேன். அடைபட்ட ஓட்டையில் நீர் இருக்க போல்ட்டை இறுக்கினால் நீர் நசுங்காது, பிளாக்தான் விரியும்.

மே 12, ஞாயிறு

லேத்திலிருந்து ஹெட் வந்தாயிற்று. புது கேஸ்கெட்டின் எந்தப் பக்கம் மேலே என்பது அதிலேயே அச்சாகியிருந்தது. மாமா பசை தடவச் சொன்னார், டிப்போவில் தடவுவார்களாம். நான் தடவவில்லை. இந்த வகை வறட்டு முகத்தில்தான் உட்கார வேண்டும். போல்ட் மரைக்கு மட்டும் ஒரு துளி ஆயில்.

டார்க் ரெஞ்ச்சை இரவல் வாங்கியிருந்தேன். நடுவிலிருந்து சுருள் சுருளாக வெளியே போய், ஒரே மூச்சில் இல்லாமல் மூன்று சுற்றில் மேனுவல் எண்ணைத் தொட்டேன். கடைசிச் சுற்றில் ஒவ்வொரு போல்ட்டும் “டிக்” என்றதும் கையை எடுத்துவிட வேண்டும், இன்னும் கொஞ்சம் என்று மனசு சொல்லும். மாமா ஒவ்வொரு டிக்குக்கும் தலையாட்டினார். அவர் காலத்தில் கைதான் ரெஞ்ச்.

குறிகளைச் சேர்த்து டைமிங் பெல்ட்டை மாட்டி, கிராங்கைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றினேன். கேம் ஒரு சுற்று வந்து குறிகள் மறுபடி நேரே நின்றன. டேப்பட், டெல்கோ, பிளக் வயர் 1-3-2 வரிசையில். புது ஆயில். கூலன்ட்டை மெதுவாக, காற்று வெளியேற நேரம் கொடுத்து ஊற்றினேன்.

ஸ்டார்ட் ஆனதும் சைலன்சரிலிருந்து வெள்ளைப் புகை. அம்மா வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு, “இதுக்கு முன்னாடியே நல்லா இருந்துச்சே” என்றாள். பைப்புக்குள் முன்பே தேங்கிய தண்ணீர் அது. கொஞ்ச நேரத்தில் மெலிந்து நின்றுவிட்டது. ரேடியேட்டர் வாயில் குமிழி இல்லை. தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஓஸ் சூடானது, அதன் பிறகு மின்விசிறி தானாக ஓடி, தானாக நின்றது. அணைத்து ஆறவிட்டு அளவு பார்த்தால் இன்னும் அரை லிட்டர் பிடித்தது.

மே 25, சனி

கம்ப்ரஷன் மறுபடி எடுத்தேன். மூன்றும் 165-க்கும் 175-க்கும் இடையில். ஓடிய பிறகு ஹெட்டை இன்னொரு தடவை இறுக்கியே ஆக வேண்டும் என்று மாமா விடாமல் சொல்ல, இந்த கேஸ்கெட்டுக்குத் தேவையில்லை என்று நான் சொல்ல, கடைசியில் ஆறிய எஞ்சினில் அதே எண்ணில் ரெஞ்ச் வைத்துக் காட்டினேன். ஒரு போல்ட்டும் நகரவில்லை. அவர் ஒப்புக்கொள்ளவில்லை, பேச்சை மட்டும் மாற்றிக்கொண்டார்.

ஹெட்டை மாட்டிய அன்று ஊற்றிய ஆயில் உள்ளே மிஞ்சியிருந்த ஈரத்தைக் கழுவி எடுப்பதற்காகவே ஊற்றியது. அதை இறக்கிப் புதிது ஊற்றினேன். இறங்கியதில் வெளிறல் இல்லை. இரண்டாவது வீட்டில் மாடி கட்டுகிற மேஸ்திரி சென்ட்ரிங் பலகைக்குத் தடவக் கேட்டார், அதைக் கொடுத்தேன். முதலில் இறக்கிய தண்ணீர் கலந்த ஆயில் மூலையில் கேனோடு நிற்கிறது. அதையும் கேட்டார், பலகையில் பிடிக்காது என்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை பழைய ஆயில் எடுக்கிறவர் வருவார்.