69 வயதில் ஒரு டிராப்பர் சீட் போஸ்ட்



போன வாரம் நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, "சார், சீட் ஏன் இவ்வளவு கீழே இருக்கு? ஹேண்டில்பாரில் அது என்ன புது லீவர்?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். தனித்தனியாகப் பதில் தட்ட விரல் வலிக்கிறது. சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

வலது இடுப்பு மூட்டில் தேய்மானம். சைக்கிள் ஓட்டுவது நல்லதுதான், ஆனால் விழக் கூடாது என்றார் டாக்டர். என் மகளுக்கு இரண்டாவது பாதி மட்டும்தான் காதில் விழுந்தது. "வித்துடுங்கப்பா" என்று ஆரம்பித்துவிட்டாள். அவள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. என் வயதுக்காரர்கள் சைக்கிள் ஓடும்போது மட்டுமல்ல, ஏறும்போதும் நிறுத்தும்போதும்கூட விழுகிறோம். மிதிக்கத் தோதான உயரத்தில் சீட் இருந்தால் நிற்கும்போது பாதம் தரையில் படியாது. தாழ்த்திவிட்டால் பாதம் படியும், ஆனால் மேட்டில் முழங்கால் கெஞ்சும். ஏற்காட்டில் மேடு இல்லாத இடம் ஏரிக்கரை மட்டும்தானே! உங்கள் டீச்சரம்மா போன பிறகு காலை ஆறு முதல் எட்டு வரை எனக்குத் துணை லூப் ரோடும் காப்பித் தோட்டங்களும்தான். அதை விட மனமில்லை.

டிராப்பர் சீட் போஸ்ட் என்பது வேறொன்றுமில்லை, நம் ஆபீஸ் சுழல் நாற்காலிதான். லீவரை அழுத்தி உட்கார்ந்தால் உடல் எடையில் சீட் இறங்கும். எடையை எடுத்துவிட்டு அழுத்தினால் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் மேலே தள்ளும். விரலை எடுத்தால் அங்கேயே பூட்டிக்கொள்ளும். மலைச்சரிவில் இறங்குகிறவர்களுக்காக வந்தது இது. சீட் தாழ்ந்தால் உடம்பையும் தாழ்த்திப் பின்னால் தள்ளிக்கொள்ளலாம். புவியீர்ப்பு மையம் பாடம் ஞாபகம் இருக்கிறதா? 2022-ல் மிலான்–சான்ரெமோ பந்தயத்தில் ஸ்லோவேனியாவின் மத்தேய் மொஹோரிச், ரோடு சைக்கிளிலேயே இதை மாட்டிக்கொண்டு கடைசி இறக்கத்தில் எல்லோரையும் உதறிவிட்டு ஜெயித்தார். எனக்கு ஜெயிக்க வேண்டாம், இரண்டு பாதமும் தரையில் படிந்தால் போதும்.

மாட்டித் தந்தவன் என் பழைய மாணவன், சேலத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்தான். முதலில் பழைய போஸ்ட்டைக் கழற்றி, அதில் பொறித்திருந்த அளவைப் பார்த்தான்: 30.9. பக்கத்து அளவு 31.6. முக்கால் மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை, ஆனால் ஒன்றுக்கு ஒன்று சேராது. குழாய்க்குள் எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதையும் குச்சி விட்டு அளந்தான். டிராப்பருக்கு அடிப்பகுதி நீளம், அதனால் இது முக்கியம்.

கேபிள் வெளியே தெரியாமல் பிரேமுக்குள்ளேயே போக வேண்டும். முன்பக்கத் துளையில் நுழைந்து, பெடல் அச்சு இருக்கும் முட்டைச் சுற்றி, சீட் குழாய் வழியாக மேலே வர வேண்டும். அந்தத் திருப்பத்தில் முட்டி முட்டி நின்றது. "சார், வீட்டுல வேக்குவம் கிளீனர் இருக்கா?" என்றான். தையல் நூல் நுனியில் துளி பஞ்சைக் கட்டி சீட் குழாயில் விட்டான். மற்ற ஓட்டைகளை டேப் ஒட்டி மூடி, முன்துளையில் வேக்குவத்தை வைத்து உறிஞ்சினான். இரண்டு நொடியில் நூல் வெளியே! எனக்குக் கைதட்டத் தோன்றியது. அழுத்த வேறுபாட்டை முப்பது வருடம் கரும்பலகையில் வரைந்தே காட்டியவன் நான்.

பிறகு நூலில் உள்கம்பியைக் கட்டி இழுத்து, அதன் மேல் உறையைக் கோத்துத் தள்ளினான். கம்பி நுனியைப் போஸ்ட்டின் அடியில் மாட்டினான். இனி இரண்டு பேர் வேண்டும். அவன் போஸ்ட்டை மெல்ல இறக்க, நான் முன்பக்கம் மிஞ்சும் உறையை அதே வேகத்தில் வெளியே இழுத்தேன். ஒருவர் முந்தினாலும் உள்ளே கேபிள் மடங்கிவிடும். ஹேண்டில்பார் இரண்டு பக்கமும் முழுதாகத் திரும்பும் அளவு நீளம் விட்டு உறையை வெட்டி, லீவரில் இணைத்தான். கம்பி தொய்வாக இருந்தால் சீட் அசையாது. விறைப்பாக இருந்தால் உட்காரும்போது தானாக அமுங்கும். கிளாம்ப்பை வெறி கொண்டு முறுக்கினாலும் போஸ்ட் இறுகி, மேலே வரச் சோம்பும். டார்க் ரெஞ்ச் வைத்து, போட்டிருந்த அளவுக்கு மேல் ஒரு சுற்றுகூட விடவில்லை அவன். பத்தாம் வகுப்பில் ஹோம்வொர்க் எழுதாத அதே பையன்தான்!

இப்போது சீட்டை இறக்கி வைத்துத்தான் காலைப் போடுகிறேன். நகர்ந்ததும் சீட்டை ஏற்றிக்கொள்கிறேன். மாடு குறுக்கே வந்தாலும், பனிமூட்டத்தில் எதிரே ஜீப் வந்தாலும் ஒரு அழுத்து, பாதம் தரையில். மகள் கேட்டருகே நின்று, நான் பத்து தடவை ஏறி இறங்குவதைப் பார்த்தாள். விற்பதைப் பற்றிப் பேச்சில்லை. மறுநாள் ஹெல்மெட் ஒன்று வந்து சேர்ந்தது.

யாராவது வாங்குவதாக இருந்தால் போஸ்ட் அளவு, குழாய் ஆழம், பிரேமில் கேபிள் துளை மூன்றையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அவனிடம் கேட்டுச் சொல்கிறேன். வேக்குவம் கிளீனர் என்னிடம் இருக்கிறது.