1, 2, 31: ஓசியில் கிடைக்கும் மூன்று தேதிகள்

காமர்ஸ் படித்தவர்களிடம் "1, 2, 31" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள், சிரித்துவிடுவார்கள். மற்றவர்களுக்காக ஒரு விளக்கம். டேலியை லைசென்ஸ் இல்லாமல் எஜுகேஷனல் மோடில் திறந்தால், மாதத்தில் 1, 2, 31 ஆகிய தேதிகளில்தான் வவுச்சர் போட முடியும். லெட்ஜர், ஸ்டாக், பேலன்ஸ் ஷீட் எல்லாம் வரும். 14-ம் தேதி பில்லை மட்டும் உள்ளே விடாது.

1986-ல் ஷியாம் சுந்தர் கோயங்காவும் மகன் பரத் கோயங்காவும் தொடங்கிய நிறுவனத்தின் மென்பொருள் இது. இந்தப் பூட்டு கொஞ்சம் கிறுக்குத்தனமாகத் தெரியும். யோசித்தால் கில்லாடித்தனம். மாணவனுக்கு எந்தத் தேதியாக இருந்தால் என்ன, கற்றுக்கொள்ள 1-ம் தேதி போதும். கடைக்காரருக்குப் போதாது, அவருக்குத் தினமும் பில் வரும். மாணவன் பைசா தராமல் வருஷக்கணக்கில் பழகலாம். பிறகு வேலைக்குப் போன இடத்தில் "எனக்கு டேலி தெரியும்" என்பான், முதலாளி காசு கொடுத்து வாங்குவார். பழகுபவர் ஒருவர், பணம் கட்டுபவர் வேறொருவர்!

இப்போது வரும் ஆன்லைன் ஆப்கள் பெரும்பாலும் தேதியைப் பூட்டுவதில்லை, நாட்களை எண்ணுகின்றன. நம்மூர் ஜோஹோவையே எடுத்துக்கொள்வோம். 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் ஆரம்பித்து, 2009-ல் ஜோஹோ கார்ப்பரேஷன் ஆனது. அவர்களுடைய ஜோஹோ அனலிடிக்ஸ், விற்பனைக் கணக்கைக் கொடுத்தால் சார்ட், ரிப்போர்ட் எல்லாம் போட்டுத் தரும் ஆப். 15 நாள் ட்ரையல், கார்டு நம்பர் கேட்பதில்லை.

சரி, 15 நாள் யாருக்குப் போதும்? கே.கே. நகர் முனுசாமி சாலையில் ஒரு எலக்ட்ரிகல் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் கடை. 20-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி கட்டி முடித்தால்தான் முதலாளிக்கு மூச்சு வரும். ஆற அமர 21-ம் தேதி ஏதோ ஒரு டேட்டா ஆப்பில் 15 நாள் ட்ரையல் ஆரம்பிக்கிறார். நான்கு நாள் வியாபாரத்தில் போகிறது. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எக்செல் ஃபைலை ஏற்றுகிறார். ஆப் வெளிநாட்டை மனதில் வைத்துச் செய்ததாக இருந்தால் அங்கேயே முதல் அடி. 03/04 என்பது நமக்கு ஏப்ரல் 3, அதற்கோ மார்ச் 4. 1,25,000 என்று நம் வழக்கப்படி கமா போட்டிருந்தால் அதை எண்ணாகவே எடுத்துக்கொள்ளாமல் போகலாம். சார்ட் கோணல்மாணலாக வருகிறது. "நம்ம கணக்குதான் தப்போ" என்று மனுஷன் தன்னையே சந்தேகப்படுகிறார். மூடிவைத்துவிட்டுப் போனவர் திரும்பி வரும்போது 5-ம் தேதி, ட்ரையல் முடிந்தது. ஜிஎஸ்டிஆர்-1 கடைசி நாளோ 11. அவருக்கு ஆப் தேவைப்படும் வாரத்தில் ஆப் இல்லை.

இவர் வாங்காததற்கு விலை காரணமே இல்லை. தன் கடைக் கணக்கைச் சரியாக ஒருமுறைகூட அதில் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ட்ரையல் நாட்களைப் பதிவு செய்த நாளிலிருந்து எண்ணாமல், முதல் ஃபைல் ஒழுங்காக ஏறிய நாளிலிருந்து எண்ணினால் பாதிச் சிக்கல் தீரும். ஏற்றும்போதே "இது ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ?" என்று ஒரு கேள்வி கேட்டால் மீதியிலும் பெரும்பகுதி தீரும். பட்டன் நிறத்தை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் இதைச் செய்யலாமே...

ஒரு குறுக்குவழியும் இருந்தது. முதலிலேயே கார்டு நம்பரை வாங்கிக்கொண்டு, ட்ரையல் முடிந்ததும் சத்தமில்லாமல் பணம் எடுப்பது. மறந்துபோனவர்களெல்லாம் வாடிக்கையாளர்கள்! இந்தியாவில் அது கடினமாகிவிட்டது. 2021 அக்டோபர் 1 முதல், இப்படித் தானாகக் கார்டில் பணம் எடுக்க முதலில் ஓடிபி வேண்டும், ஒவ்வொரு முறையும் 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. 2023 நவம்பர் 30-ல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல்கள் 13 ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டன. இலவச சந்தாவுக்குக் கார்டு விவரத்தைக் கட்டாயப்படுத்திக் கேட்பது, சந்தாவை ரத்து செய்யவிடாமல் அலைக்கழிப்பது இரண்டும் அதில் உண்டு. மறதியை நம்பிப் பிழைத்த ஆப்களுக்கு இது கஷ்டகாலம். அதற்காக யாரும் அழ வேண்டாம்.

எண்ணும் முறையை ஆப்காரர்கள் மாற்றும்வரை கடைக்காரர்களுக்கு ஒரு யோசனை. 21-ம் தேதி ட்ரையல் ஆரம்பிக்காதீர்கள். 1-ம் தேதி ஆரம்பியுங்கள், 11-ம் தேதி உள்ளே வந்துவிடும். (1-ம் தேதி டேலியிலும் ஓசிதான் :-))