லர்லீன் வாலஸின் பதினாறு மாதங்கள்

அரசறிவியல் பாடத்துக்காக அமெரிக்க மாநில ஆளுநர்களின் பட்டியல்களை வாசித்துக்கொண்டிருந்தேன். பெயர், ஆண்டு, கட்சி. வேறொன்றும் இல்லை. உண்மையில் சரியான அலுப்பு. அலபாமாவில் மட்டும் கண் நின்றுவிட்டது. 1963இல் ஜோர்ஜ் வாலஸ், 1967இல் லர்லீன் வாலஸ், 1968இல் அல்பேர்ட் புரூவர், 1971இல் திரும்பவும் ஜோர்ஜ் வாலஸ். நடுவில இந்த லர்லீன் ஆர்?

ஜோர்ஜின் மனைவி. அங்கே ஆளுநரை ஜனாதிபதி நியமிப்பதில்லை, எங்கட நாட்டு மாதிரி இல்லை. மக்கள்தான் வாக்களித்துத் தெரிவுசெய்வார்கள். ஆனால் அலபாமாவின் 1901ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி ஒருவர் அடுத்தடுத்து இரண்டு தடவை ஆளுநராக இருக்க முடியாது. 1963 ஜூனில் அலபாமா பல்கலைக்கழக வாசலில் நின்று இரண்டு கறுப்பின மாணவர்களை மறித்தாரே, அந்த ஜோர்ஜ் வாலஸுக்குக் கதிரையை விட மனம் வரவில்லை. 1965இல் சட்டத்தை மாற்றப் பார்த்தார். மாநில செனட் விடவில்லை. பிறகென்ன, மனைவியை நிறுத்தினார். 1966 மே மாதம் நடந்த கட்சி முதனிலைத் தேர்தலில் முன்னாள் ஆளுநர்கள் இரண்டு பேர் உட்பட எல்லோரையும் முதல் சுற்றிலேயே தோற்கடித்தார் லர்லீன்.

இதுவரைக்கும் இது ஒரு தந்திரக் கதைதான். என்னைத் தூங்கவிடாதது அதற்குப் பின்னால் இருந்தது.

1961இல் நாலாவது பிள்ளை சத்திரசிகிச்சை மூலம் பிறந்தபோது, லர்லீனின் உடம்பில் புற்றுநோய்க்கான அறிகுறியை வைத்தியர் கண்டார். அதைக் கணவனிடம் சொன்னார். கணவன் மனைவியிடம் சொல்லவில்லை. 1965இல் புற்றுநோய் உறுதியான பிறகுதான் விசயம் அவருக்கே தெரிய வந்தது. 1966 ஜனவரியில் சத்திரசிகிச்சை, அடுத்த மாதமே வேட்பாளர்.

எங்கட வீட்டிலும் அம்மம்மாவுக்கு என்ன வருத்தம் எண்டு கடைசிவரைக்கும் அவவுக்குச் சொல்லேல்ல. "தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவா" எண்டு பெரியாக்கள் முடிவெடுத்தினம். ரிப்போட் எல்லாம் மாமாவின் பையில் இருந்தது. அன்பில்தான் செய்தார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் தெரிந்திருந்தால் அவ ஆரைப் பார்க்க ஆசைப்பட்டிருப்பா, ஆரோட கோபத்தை முடித்திருப்பா? அதைத் தீர்மானிக்கிற உரிமை அவவிடம் இருக்கவில்லை. ஜோர்ஜ் வாலஸ் செய்ததை வாசித்தபோது அந்தப் பைதான் ஞாபகம் வந்தது.

லர்லீனைப் புனிதராக்க நான் வரவில்லை. பாடசாலைகளில் இனப்பிரிப்பை நீக்கச் சொன்ன நீதிமன்ற உத்தரவை அவரும் கணவனைப் போலவே எதிர்த்தார். ஆனால் அவர் வெறும் பொம்மையாகவும் இருக்கவில்லை. 1967இல் டஸ்கலூசாவில் இருந்த அரச மனநல நிலையங்களுக்குப் போனார். அங்கே இருந்த நெருக்கடியையும் பராமரிப்பில்லாத நிலையையும் நேரில் கண்டு, அவற்றுக்குப் பணம் ஒதுக்கும்படி சட்டசபையிடம் கேட்டு வாங்கினார். கணவனின் கொள்கைப் பட்டியலில் இருந்து வந்த வேலையாக எனக்கு அது தெரியவில்லை.

1968 மே 7ஆம் திகதி இறந்தார். வயது 41. பதவியில் இருந்தது பதினாறு மாதங்கள்கூட இல்லை. துணை ஆளுநர் புரூவர் உடனேயே பதவியேற்றார், ஏனென்றால் ஆளுநர் இறந்தால் அடுத்தது ஆர் என்று சட்டத்தில் தெளிவாக எழுதியிருந்தது. 1970இல் அதே புரூவரை எதிர்த்து, அப்பட்டமான இனவாதப் பிரசாரம் செய்து, ஜோர்ஜ் திரும்பவும் வென்றார். இதில் பகிடி என்னவென்றால், அடுத்தடுத்து இரண்டு தடவை இருக்கலாம் என்று 1968இலேயே சட்டத்தை மாற்றியிருந்தார்கள். இரண்டு வருசம் முந்தி மாற்றியிருந்தால் லர்லீன் தேர்தலுக்கே வந்திருக்க மாட்டார்.

அலபாமாவின் அடுத்த பெண் ஆளுநர் கே ஐவி. துணை ஆளுநராக இருந்தவர், 2017இல் ஆளுநர் ரொபேர்ட் பென்ட்லி பதவி விலகியதால் வந்தார். பிறகு 2018இல் தன் பெயரில் போட்டியிட்டு வென்றார். இடையில் 49 வருசம்.

பட்டியலில் இரண்டு பேருக்கும் ஒவ்வொரு வரிதான். யாராவது ஒருவருடைய மனைவி, மகள், விதவை என்று ஒரு பெயரை நாங்கள் வேகமாகத் தாண்டிப் போகிறபோது, அவவிடம் ஆர் என்ன கேட்டார்கள், ஆர் எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்றும் கொஞ்சம் தேடிப் பாருங்கோ.