மூன்று முறை துள்ளும் முள்

நெக்கார்சுல்ம் என்றால் இன்று ஆடி கார் ஆலைதான் நினைவுக்கு வரும். தென்மேற்கு ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டுக்கு வடக்கே, நெக்கார் ஆற்றங்கரையில் உள்ள ஊர். அந்த ஆலை முன்பு என்.எஸ்.யு. கம்பெனிக்குச் சொந்தமாக இருந்தது. 1950களின் நடுவில் உலகத்திலேயே அதிக மோட்டார் சைக்கிள் செய்த கம்பெனி அது. 1967-ல் அங்கிருந்து ரோ 80 என்றொரு கார் வந்தது. நான்கு கதவு, ஐந்து பேர் தாராளமாக உட்காரலாம். எஞ்சினில் மட்டும் பிஸ்டன் கிடையாது. 1968-க்கான ஐரோப்பாவின் சிறந்த கார் விருது அதற்குக் கிடைத்தது. பத்து ஆண்டுகளில் 37 ஆயிரத்துச் சொச்சம் வண்டிகள் செய்தார்கள், 1977-ல் நிறுத்திவிட்டார்கள்.

அந்த ஊரில் நெடுங்காலமாக வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் போனில் கூப்பிட்டார். "அண்ணை, இஞ்ச ஒரு மனுசன் இப்பவும் உந்தக் கார் திருத்துறார். வயசு எழுபத்தஞ்சு தாண்டிட்டுது. ஒருக்கா வந்து பாருங்கோ, பிறகு காட்ட ஆளிருக்காது" என்றார். போனேன். பெரியவர் பேசுவது அந்த வட்டாரத்துப் பேச்சு. என்னுடைய புத்தக ஜெர்மனுக்கு எட்டாது. நண்பர்தான் யாழ்ப்பாணத் தமிழில் எடுத்துச் சொன்னார்.

பட்டறை திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு பழைய தானியக் கொட்டகை. உள்ளே வெள்ளை நிற ரோ 80 ஒன்று நின்றது. தாழ்ந்த முகம், உயர்ந்த பின்பக்கம், அகலக் கண்ணாடிகள். கிளாவ்ஸ் லூதே வரைந்த உருவம். காற்றுத் தடை எண் 0.355, அந்தக் காலத்தில் பெரும்பாலான செடான் கார்கள் இதை நெருங்கவில்லை. இன்று தெருவில் கண்டால் அரை நூற்றாண்டுக்கு முந்தைய வண்டி என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இந்த எஞ்சினில் பிஸ்டன், கனெக்டிங் ராடு, வால்வு, கேம் ஷாஃப்ட் எதுவும் இல்லை. இடை சற்றே ஒடுங்கிய முட்டை வடிவக் கூட்டுக்குள், பக்கங்கள் புடைத்த முக்கோணம் ஒன்று சுழல்கிறது. அதுதான் ரோட்டார்; அதனால்தான் இது ரோட்டரி எஞ்சின். முக்கோணத்தின் மூன்று முனைகளும் கூட்டுச் சுவரை எப்போதும் தொட்டபடியே ஓடும். உறிஞ்சுவது, அழுத்துவது, வெடிப்பது, வெளியேற்றுவது என நான்கு வேலையும் அந்தச் சுற்றிலேயே முடிந்துவிடும். ரோட்டார் ஒரு முறை சுற்றினால் ஷாஃப்ட் மூன்று முறை சுற்றும். ரோ 80-ல் இப்படி இரண்டு ரோட்டார், ஒவ்வொன்றும் அரை லிட்டர், 115 குதிரைத்திறன். மேலும் கீழும் அடிக்கிற பாகம் இல்லாததால் அதிர்வே தெரியாது. எஞ்சின் சத்தம் போட்டு முறையிடாததால் ஓட்டுபவர்கள் அளவுக்கு மீறி விரட்டினார்கள். பின்னாளில் எச்சரிக்கை மணி ஒன்றைப் பொருத்த வேண்டியிருந்தது.

பெரியவர் எஞ்சினைத் தொடுவதற்கு முன் கையில் எடுத்தது ஒரு கம்ப்ரஷன் கேஜ். எந்தப் பட்டறையிலும் தொங்கும் சாதாரண மீட்டர்தான். ஆனால் அதன் உள்வால்வை அவர் கழற்றி வைத்திருக்கிறார். வால்வு இருந்தால் முள் உச்ச அழுத்தத்தைக் காட்டி அங்கேயே நின்றுவிடும். ரோட்டாருக்கு மூன்று பக்கம்; அதில் ஒன்று செத்திருந்தாலும் மற்ற இரண்டும் அதை மறைத்துவிடும். வால்வு இல்லாவிட்டால், ரோட்டாரின் ஒவ்வொரு சுற்றுக்கும் முள் மூன்று முறை துள்ளும்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு மீட்டரைச் சொருகினார். நண்பரை உள்ளே உட்காரவைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொன்னார். முள் துள்ளியது. நாடி பிடித்த சித்த வைத்தியர் மூன்று விரலுக்கடியில் வாதம், பித்தம், கபம் என்று பிரித்துப் பார்ப்பதைப்போல அவர் அந்த மூன்று துள்ளலையும் பிரித்துப் பார்த்தார். மூன்றும் சமமாக இருந்தால் நலம். ஒன்று மட்டும் தணிந்தால் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில் அழுத்தம் கசியாமல் அடைக்கும் பக்கவாட்டு சீல் போயிருக்கும். அடுத்தடுத்து இரண்டு தணிந்தால், அந்த இரண்டு பக்கத்துக்கும் பொதுவான முனை சீல் போய்விட்டது. இந்த வண்டியில் இரண்டு தணிந்தன. "கழட்ட முதல் எஞ்சினிட்டயே கேக்க வேணுமாம். கேட்டால் சொல்லுமாம்" என்றார் நண்பர்.

எஞ்சினை இறக்கிப் பிரித்ததில் பாதிக்கு மேல் போல்ட் கழற்றும் வேலை. கிளட்ச் பெடல் இல்லாத வண்டி. கியர் லீவரைத் தொட்டாலே உள்ளிருக்கும் சிறு சுவிட்ச் வேலைசெய்து கிளட்ச் விடுபடும். அந்த ஏற்பாட்டை அவர் வெகுநேரம் விளக்கினார். எனக்குப் பிடிபடவில்லை, விட்டுவிடுகிறேன். கூடு திறந்த பிறகுதான் மனம் நின்றது. முக்கோணத்தின் முனையில் ஒரு பள்ளம், அதற்குள் ஒரு மெல்லிய பட்டை, பட்டைக்கடியில் ஒரு ஸ்பிரிங். அந்தப் பட்டைதான் முனை சீல். இரண்டு ரோட்டாருக்குமாக ஆறு முனை. இந்த ஆறு பட்டைகளை நம்பித்தான் மொத்தக் காரும்.

முதலில் வந்த வண்டிகளில் அந்த முனை சீல் மூன்று துண்டாக இருந்தது. மூன்றும் ஒரே பொருள். குளிரில் கிளப்பும்போது நடுத்துண்டு மட்டும் முந்தித் தேய்ந்தது. அது தேய்ந்ததும் ஓரத்துண்டுகள் ஆடின, அழுத்தம் கசிந்தது. 50,000 கிலோமீட்டர் தாண்டுமுன்னே பல எஞ்சின்கள் படுத்தன. பிறகு நடுத்துண்டை ஃபெரோடிக் என்ற கடினமான கலவையில் செய்தார்கள், சிக்கல் தீர்ந்தது. அதற்குள் பெயர் கெட்டுவிட்டது. எதிரெதிரே வரும் ரோ 80 காரர்கள் கையசைக்காமல் விரல்களைக் காட்டுவார்களாம்: இதுவரை எத்தனை எஞ்சின் மாற்றியாயிற்று என்று. பெட்ரோலும் நிறையக் குடிக்கும். 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது வாங்க ஆளில்லை.

பெரியவர் பதினைந்து வயதில் என்.எஸ்.யு.வில் தொழில் பழகச் சேர்ந்தவர். உலகின் முதல் ரோட்டரி எஞ்சின் கார் விற்பனைக்கு வந்த 1964-ஆம் ஆண்டு அது. 1969-ல் கம்பெனி, ஆடி கார்களைச் செய்துவந்த ஆட்டோ யூனியனுடன் இணைக்கப்பட்டது. பின்னர் ஆலையையே மூடப்போவதாகப் பேச்சு வந்தது. 1975 ஏப்ரலில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் பக்கத்து ஊரான ஹைல்பிரானுக்கு ஊர்வலமாகப் போனார்கள்; இவரும் நடந்தார். ஆலை பிழைத்தது, ரோ 80 பிழைக்கவில்லை. ஓய்வுபெற்ற பின் கொட்டகையைப் பட்டறையாக்கினார்.

பெரியவருக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. "அந்தக் காலம் பிழை எண்டு கழட்டின எஞ்சினுகளில கனக்க எஞ்சினுக்கு ஒரு பிழையும் இல்லையாம். பிளக்கோ காபரேட்டரோதான் பிழை. மெக்கானிக்மாருக்கு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்லை. முழு எஞ்சினையும் மாத்திப்போட்டு அனுப்பிவிடுவினமாம்."

என் கோபம் வேறு. பழைய பட்டறைக்காரர் ஒருவர் இறந்தால், அவர் மனைவியிடம் அலமாரியோடு சீல்களை விலைபேசி அள்ளுவதற்கு இடைத்தரகர்கள் வந்துவிடுகிறார்கள். அந்தம்மாவுக்குக் கிடைப்பது ஒரு நல்ல விருந்துக்கான காசு. அதே பட்டை ஒவ்வொன்றாகப் பல மடங்கு விலையில் திரும்பி வருகிறது. அதை வாங்கி, வாசலின் தடவிப் பள்ளத்தில் நிறுத்தி, கூட்டை மூடும் கைக்கு மணிக்கணக்குக் கூலிதான். மேல்மட்டத்திலும் இதே கதைதான். இந்த எஞ்சினைக் கண்டுபிடித்த ஃபெலிக்ஸ் வாங்கெல் முதலில் செய்ததில் கூடும் சேர்ந்து சுழன்றது. பிளக் மாற்ற எஞ்சினையே பிரிக்க வேண்டும். கூட்டை நிறுத்தி, காருக்கு உதவும்படி ஆக்கியவர் என்.எஸ்.யு. பொறியாளர் ஹான்ஸ் டீட்டர் பாஷ்கே. பெயர் வாங்கெலுக்குப் போனது. 1971-ல் வாங்கெலின் கம்பெனியை லான்ரோ என்ற நிறுவனம் 100 மில்லியன் மார்க்குக்கு வாங்கியது. பாஷ்கேயை இன்று யாருக்குத் தெரியும்?

இந்த எஞ்சினுக்கு 1961-ல் உரிமம் வாங்கிய மாஸ்டாவுக்கும் முனை சீல் தொல்லை வந்தது. கூட்டுச் சுவரில் விழுந்த அலைத் தழும்புகளைப் 'பிசாசின் நகக்கீறல்' என்று ஹிரோஷிமா பொறியாளர்கள் சொன்னார்கள். அவர்கள் விடாமல் வேலை செய்து 2012 வரை ரோட்டரி கார்களை விற்றார்கள். ஆக, எஞ்சின் உதவாக்கரை என்று சொல்லிவிட முடியாது. அரைகுறையாகச் சந்தைக்கு அனுப்பியதும், அதைப் பழுதுபார்க்கும் அறிவைப் பட்டறைகளுக்குக் கொடுக்காததும்தான் ரோ 80-ஐச் சாய்த்தன.

நம் ஊரிலும் இப்போது பழுதானால் பிரிக்க முடியாத வண்டிகள் வரிசையாக வருகின்றன. ஒரு பாகம் போனால் முழுப் பெட்டியையே மாற்றச் சொல்கிறார்கள். வாங்கும்போது மைலேஜ் கேட்கிறோம், வாரன்டி கேட்கிறோம். இதைத் திறந்து பழுதுபார்க்க எங்கள் தெரு மெக்கானிக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறீர்களா என்றும் கேளுங்கள்.