அரண்மனை எங்கே தாத்தா?

முழு ஆண்டு விடுமுறைக்கு வாசுதேவநல்லூர் போனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. முதல் நாள் ஊரில் இருக்கும் அர்த்தநாரீஸ்வரர் கோயில். இரண்டாம் நாள் சங்கரன்கோவில் கோமதியம்மன். மூன்றாம் நாள் குற்றாலம், தண்ணீர் விழுந்தாலும் விழாவிட்டாலும்!

இந்த வருடம் ஏழாம் வகுப்பு முடித்த என் மகள் அந்தப் பட்டியலைக் கலைத்துவிட்டாள். "எனக்கு அரண்மனை பார்க்கணும். சினிமா செட் இல்ல, நிஜ அரண்மனை."

திண்ணையில் உட்கார்ந்திருந்த என் மாமனார் சிரித்தார். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். "ரெண்டு அரண்மனை இருக்கு தாயி. ஒண்ணு பெருசு, தக்கலையில. இன்னொண்ணு நம்மளது. மொதல்ல பெருசைப் பாத்துட்டு வாங்க. அப்புறம் நம்மளதை நான் காட்டுதேன்."

செருப்பைக் கழற்றிவிட்டு...

விடிகாலையில் கிளம்பி, தென்காசி, திருநெல்வேலி, நாகர்கோவில் வழியாகத் தக்கலை போய்ச் சேர்ந்தோம். பக்கத்திலேயே பத்மநாபபுரம் அரண்மனை. இருப்பது நம் கன்னியாகுமரி மாவட்டத்தில். ஆனால் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. 1956-ல் கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு இணைந்த பிறகும் அரண்மனை மட்டும் அவர்கள் பொறுப்பிலேயே இருக்கிறது. திங்கட்கிழமை விடுமுறை. மதியம் சாப்பாட்டு நேரத்திலும் மூடிவிடுவார்கள். அதனால் காலையிலேயே போய்விடுவது நல்லது.

வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்கிறார்கள். ஏன் என்பது உள்ளே போனதும் புரிகிறது. கண்ணாடி போல மின்னும் கருப்புத் தரை! சுண்ணாம்பு, கொட்டாங்குச்சிக் கரி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துப் போட்ட தரை என்கிறார்கள். அந்தக் குளிர்ச்சி பாதத்தில் ஏறும்போதே பயணக் களைப்பு பாதி போய்விடுகிறது.

இந்த அரண்மனையின் அழகே, நாமாகத் தடவித் தடவிப் பார்க்க வேண்டியதில்லை என்பதுதான். முக்கியமான இடங்களில் ஊழியர்களே நின்று விளக்கம் சொல்கிறார்கள். முகப்பு மண்டபத்தில் தொங்கும் குதிரை விளக்கு, மேற்கூரை மரத்தில் செதுக்கிய விதவிதமான பூக்கள், பலாமரத்தில் கடைந்த தூண், மூலிகை மரங்களால் செய்த கட்டில், ஒரே நேரத்தில் இரண்டாயிரம் பேர் சாப்பிட்டதாகச் சொல்லப்படும் ஊட்டுப்புரை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை கிடைக்கிறது. 38 கிலோ எடையுள்ள உருண்டைக் கல் ஒன்றும் இருக்கிறது. படையில் சேர விரும்பியவர் அதை 101 முறை தலைக்கு மேல் தூக்க வேண்டுமாம். "ஒரு தடவை தூக்கினாலே எனக்கு ஆஸ்பத்திரிதான்" என்றார் என் கணவர்.

1601-ம் ஆண்டு வாக்கில் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் தொடங்கி வைத்த அரண்மனை இது. பிறகு மார்த்தாண்ட வர்மர் காலத்தில் இன்றைய பொலிவு வந்தது. 1795-ல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறும்வரை திருவிதாங்கூரின் ஆட்சி இங்கிருந்துதான் நடந்தது.

மந்திரசாலையில் கொஞ்ச நேரம் நின்றோம். ராஜாவும் மந்திரிகளும் கூடி ஆலோசனை செய்த மாடி அறை. ஜன்னல்களில் பதித்த வண்ண மைக்காத் தகடுகள் வழியாக வெயில் வடிகட்டி வருகிறது. அப்போதுதான் மாமாவிடமிருந்து போன் வந்தது.

"மந்திரசாலைக்கு வந்துட்டீங்களா? அந்த ராஜாவோட படை நம்ம ஊருக்கு வந்திருக்குன்னு பிள்ளைகிட்ட சொல்லுங்க. மிச்சத்தை நான் நாளைக்குச் சொல்லுதேன்."

நம்மளது

மறுநாள் வாசுதேவநல்லூருக்குப் பக்கத்தில் இருக்கும் நெற்கட்டும்செவல் போனோம். பாளையக்காரர் பூலித்தேவரின் ஊர். அரசு எழுப்பிய நினைவு மாளிகை இருக்கிறது. மகள் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். முகம் சுருங்கியிருந்தது.

"இது புதுசு தாத்தா. பழைய அரண்மனை எங்கே?"

"அதான் கதை. உக்காரு."

மாமா சொல்லத் தொடங்கினார். 1755-ல் கர்னல் ஹெரான் தலைமையில் கும்பெனிப் படை இங்கே வந்து கப்பம் கேட்டது. பூலித்தேவர் தர மறுத்தார். கோட்டையை உடைக்க முடியாமல் படை திரும்பிப் போனது. பிளாசிப் போருக்கு இரண்டு வருடம் முன்னால், சிப்பாய்க் கலகத்துக்கு 102 வருடம் முன்னால்.

"அப்போ திருவிதாங்கூர் ராஜா நம்ம பக்கம்தான் இருந்தாரு. 1759-ல நிலைமை மாறிட்டு. யூசுப்கான் கும்பெனிக்காகப் படை எடுத்து வந்தாரு. மருதநாயகம்னு சொல்லுவாங்கல்லா, அவருதான். திருவிதாங்கூர் ராஜா அவரு கூடச் சேர்ந்துக்கிட்டாரு. ரெண்டு படையும் வந்து நின்னது எங்கே தெரியுமா? நம்ம வாசுதேவநல்லூர்க் கோட்டைக்கு முன்னால."

"பிடிச்சுட்டாங்களா?"

"அந்தத் தடவை முடியல. மண் கோட்டைதான். குண்டு விழுந்து ஓட்டை போட்டா, ராத்திரியோட ராத்திரியா மண்ணையும் வைக்கோலையும் வச்சு அடைச்சிருவாங்களாம். ஆனா 1761-ல யூசுப்கான் திரும்ப வந்தாரு. வாசுதேவநல்லூர், நெற்கட்டும்செவல், பனையூர் எல்லாம் போச்சு. பிடிச்ச யூசுப்கானையும் மூணு வருஷத்துல, 1764-ல, அதே நவாபும் கும்பெனியும் மதுரையில தூக்குல போட்டுட்டாங்க."

மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள். "அவங்க அரண்மனை மட்டும் அப்படியே இருக்கு. நம்மளது ஏன் இல்ல?"

"அவங்க கும்பெனியோட சேர்ந்து போனாங்க, அரண்மனை நின்னுச்சு. இவரு கட்டமாட்டேன்னாரு, கோட்டை போச்சு. எது சரி எது தப்புன்னு நீ பெரியவளாகி யோசி."

நேற்று நான் காலால் தொட்டு ரசித்த அந்தக் கருப்புத் தரை எனக்கு ஞாபகம் வந்தது. அது இன்றும் மின்னுவதற்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கும் இருக்கிறது என்று எந்த வழிகாட்டியும் எனக்குச் சொன்னதில்லை.

எழுதி வச்சதும் சொல்லி வச்சதும்

மாமா நிறையக் கதைகள் சொன்னார். எதிரி முகாமில் குதிரைக்குப் போட்ட புல்லுக்கடியில் ஒண்டிவீரன் ஒளிந்திருந்தபோது, குதிரை கட்ட அடித்த முளை அவர் கையில் இறங்கியது. சத்தம் போடாமல் கையையே வெட்டிக்கொண்டு காரியத்தை முடித்தாராம். பூலித்தேவர் சங்கரன்கோவில் சந்நிதியில் பாடியபடியே மறைந்துவிட்டாராம். கோயிலில் அந்த இடத்தை இன்றும் காட்டுகிறார்கள். 'நெல் கட்டான்' என்று அவர் மறுத்ததால்தான் ஊருக்கு நெற்கட்டான்செவல் என்று பெயர் வந்ததாம்.

ஒவ்வொன்றுக்கும் முன்னால் அவர் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார். "இது எழுதி வச்சது." "இது சொல்லி வச்சது."

"ரெண்டையும் சொல்லணும் தாயி. எது எதுன்னும் சேத்துச் சொல்லணும். இல்லன்னா நாளைக்கு ஒருத்தன் வந்து எல்லாமே பொய்னுடுவான்."

ஒண்டிவீரனுக்கு 2022-ல் தபால்தலை வந்தது, செப்டம்பர் 1 பூலித்தேவர் பிறந்தநாளுக்கு இங்கே அரசு விழா நடக்கிறது என்பதெல்லாம் அவர் கணக்கில் 'எழுதி வச்சது'.

நெற்கட்டும்செவல் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கட்டடத்தைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் திரும்பாதீர்கள். ஊர்ப் பெரியவர் யாரிடமாவது பேச்சுக் கொடுங்கள். அப்படியே சங்கரன்கோவிலையும் பார்த்துவிட்டு வந்தால் கதை முழுமையாகும்.

அடுத்த வாரம் நாத்தனார் பிள்ளைகள் கோயம்புத்தூரிலிருந்து வந்தார்கள். மாமாவுக்கு முட்டிவலி. "என்னால நடக்க முடியாது. நீயே காட்டு" என்று பேத்தியை அனுப்பிவிட்டு வேன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"1757-ல கர்னல் ஹெரான்..." என்று ஆரம்பித்தாள்.

"ஏட்டி! அம்பத்தஞ்சு!" வேனிலிருந்து சத்தம் வந்தது.

"சரி, 1755-ல..."

குட்டிப் பையன் ஒருவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அதே கேள்வியைக் கேட்டான். "அரண்மனை எங்கேக்கா?"

"சொல்றேன். மொதல்ல செருப்பைக் கழட்டு" என்றாள் என் மகள்.